நிறுத்தும்போது மட்டும் டிரிப் ஆகும் டிரைவ்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை. துணியைச் சுழற்றித் தண்ணீரைப் பிழியும் ஹைட்ரோ எக்ஸ்ட்ராக்டருக்கு 11 கிலோவாட் மோட்டார், அதன் வேகத்தை மாற்ற ஒரு டிரைவ். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஸ்டாப் அழுத்தினால் வோல்டேஜ் கூடிவிட்டது என்று டிரைவ் தானாக ஆஃப் ஆகிவிடும், அதாவது ஓவர்வோல்டேஜ் டிரிப். முதலாளிக்கு ஈ.பி. லைன் மேல்தான் சந்தேகம். அளந்தேன், 415 வோல்ட். சரி என்று டிரைவ் டிஸ்பிளேயில் டி.சி. பஸ் வோல்டேஜை (லைன் மின்சாரம் டயோடு வழியாக டி.சி.யாகிக் கெப்பாசிட்டரில் நிற்கும் இடம்) வைத்துக்கொண்டு ஸ்டாப் அழுத்தச் சொன்னேன். 587-இல் இருந்தது 640, 700, 760 என்று ஏறி, 800-ஐத் தொட்டதும் டிரிப். துணியோடு சுற்றும் கூடை மோட்டாரைத் தள்ள, மோட்டார் ஜெனரேட்டராகிவிடுகிறது. அந்த மின்சாரம் டயோடைத் தாண்டி லைனுக்குப் போக வழியில்லை, கெப்பாசிட்டரில்தான் குவியும்.

டிசெல் டைம், அதாவது வேகத்தைக் குறைத்து நிறுத்த எடுக்கும் நேரம், 15 வினாடி இருந்தது. 60 ஆக்கினேன், டிரிப் போச்சு. “ஒவ்வொரு லோடுக்கும் முக்கால் நிமிஷம் போகுதுங்களே” என்றார் ஆபரேட்டர். நியாயம்தான். பஸ் ஏறும்போது மட்டும் ரெசிஸ்டரை அதில் இணைக்கும் ஸ்விட்ச், சாப்பர், டிரைவிலேயே இருந்ததால், அந்த மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

மேனுவலில் குறைந்தபட்சம் 40 ஓம். அவர்கள் மாட்டியது ஸ்டோரில் கிடந்த 20 ஓம். 760 வோல்ட்டில் 19 ஆம்பியர் போகவேண்டிய இடத்தில் 38. பத்தே நாளில் சாப்பர் டிரான்சிஸ்டர் ஷார்ட், ரெசிஸ்டர் எப்போதும் பஸ்ஸிலேயே மாட்டிக்கொண்டது. ராத்திரி ஷிப்டு, மெஷின் சும்மா நிற்கிறது; பேனல் மேல் ரெசிஸ்டர் கங்கு மாதிரி சிவந்து, பக்கத்து ஒயர் உருகி ஒழுகுகிறது. ஸ்டாப் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். லைன் இருக்கும்வரை பஸ்ஸில் 587 வோல்ட் இருக்குமே! ரெசிஸ்டர் இழுப்பது 17 கிலோவாட்தான் என்பதால் எம்.சி.பி.யும் தானாக விழவில்லை, கையால் இறக்கினார்கள். சூடு கூடினால் திறக்கும் ரெசிஸ்டரின் தெர்மல் ஸ்விட்ச் ஒயர் இரண்டும் எதிலும் மாட்டாமல் டேப் சுற்றியபடி கிடந்தன. இப்போது அதை, லைனையே துண்டிக்கும் மெயின் காண்டாக்டரின் காயிலோடு சீரியலில் போட்டிருக்கிறேன். ரன் சிக்னலில் போட்டால் பிரயோஜனம் இல்லை.

*

இன்னொருவர்: நான் கிரேன் பார்க்கிறவன். டிசெல் டைமை நீட்டும் வைத்தியம் சுமை தூக்கி இறக்கும் ஹாய்ஸ்டில் செல்லாது. சுமை இறங்குகிற நேரம் முழுக்க மோட்டார் ஜெனரேட்டர்தான். ஒரு இடத்தில் டிரிப் வராமல் இருக்க டிரைவில் ஓவர்வோல்டேஜ் ஸ்டால் என்ற செட்டிங்கை ஆன் செய்து வைத்திருந்தார்கள். பஸ் ஏறியதும் டிரைவ் தானாக டிசெலை நீட்டிவிட்டது. பட்டனை விட்ட பிறகும் கொக்கி ஒரு அடி இறங்கியது. ரெசிஸ்டர் போட்டு, ஸ்டாலை ஆஃப் செய்த பிறகுதான் ஆளைக் கீழே நிற்கவிட்டேன் என்று நினைக்காதீர்கள், அப்போதும் விடவில்லை.

*

மூன்றாமவர்: மரம் அறுக்கும் மெஷினை நிறுத்த, மோட்டாருக்கே டி.சி. கொடுத்துப் பிடிக்கும் டி.சி. இன்ஜெக்‌ஷன் வைத்தேன். பஸ் ஏறவே இல்லை. ஆனால் சூடு முழுக்க ரோட்டாரில். நிமிஷத்துக்கு ஒரு தரம் நிறுத்தியதில் சாயங்காலம் மோட்டார் மேல் கை வைக்க முடியவில்லை. அப்புறம் நானும் ரெசிஸ்டருக்கே வந்துவிட்டேன், ஓமைப் பார்த்துத்தான் வாங்கினேன்.