எதிர்ப்பு சக்தி இருந்தா எச்பிவி ஊசி எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு

நுண்ணோக்கி:
கர்ப்பப்பை வாய் கேன்சரைக் கொண்டு வர்ற எச்பிவி வைரஸைப் பத்தி நேத்து வேற ஒரு இழையில வேப்பமரம்னு ஒருத்தர் எழுதியிருக்காரு, "எச்பிவி வந்தா 90 சதவீதம் பேருக்கு ரெண்டு வருஷத்துல உடம்பே விரட்டிடும், எதிர்ப்பு சக்தி இருந்தா கேன்சர் வராது, பொண்ணுங்களுக்கு ஊசி தேவையில்ல"ன்னு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. கர்ப்பப்பை வாயிலேர்ந்து செல்லை எடுத்து சோதிக்கிற பாப் ஸ்மியர் ஸ்லைடை தினமும் பாக்குறவன் நான். எச்பிவி புகுந்த செல்லுல நியூக்ளியஸ் காஞ்ச திராட்சை மாதிரி சுருங்கிப்போய் கருத்துக் கிடக்கும், சுத்தி வெளுத்த வளையம் ஒண்ணு. அந்த ஸ்லைடுக்காரங்க எல்லாம் நோஞ்சானா? கர்ப்பப்பை வாய் கேன்சர்ல இந்தியாவுல மட்டும் வருஷத்துக்கு 70 ஆயிரத்துக்கு மேல சாகுறாங்க. உங்க 90 போக மீதியிலேர்ந்து வர்றவங்க சார் அவங்க.

வேப்பமரம்:
என் பேரைப் போட்டே இழை தொறந்திருக்கீங்க, சந்தோஷம். 90 சதவீதம் பொய்யா உண்மையா? அதை மட்டும் சொல்லுங்க.

நுண்ணோக்கி:
உண்மைதான், யாரு இல்லைன்னா? அந்த 90ல நம்ம வீட்டுப் பொண்ணு இருக்குமான்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா? இந்த வைரஸ் ரத்தத்துக்கே வராது, மேல்தோலோட அடியடுக்கு செல்லுக்குள்ள சத்தமில்லாம உக்காந்துக்கும், செல்லைக் கொல்லாது, வீக்கம் காய்ச்சல் எதுவும் கிடையாது, அப்புறம் உடம்புக்கு எப்படித் தெரியும்? ஈ6னு அதோட புரதம் ஒண்ணு, கெட்டுப்போன செல்லைத் தடுத்து நிறுத்துற நம்ம உடம்போட காவல் புரதம் பி53ஐயே அழிச்சிடும். ஈ7 இன்னொரு காவலை முடக்கிடும். இது வருஷக்கணக்கா நடக்குற வேலை. எச்பிவியில 16, 18னு ரெண்டு வகை மட்டுமே 70 சதவீத கேஸுக்குக் காரணம். 16ஐ 1983ல கண்டுபிடிச்ச ஜெர்மன் விஞ்ஞானி சூர் ஹாவ்சனுக்கு 2008ல நோபல் குடுத்தாங்க, சும்மாவா குடுத்தாங்க?

ராத்திரிடூட்டி:
கூடவே ஒண்ணு. எச்ஐவி இருக்குற பெண்களுக்கு இந்த கேன்சர் வர வாய்ப்பு ஆறு மடங்கு. நான் வார்டுல பாக்குறேன், ரொம்ப சின்ன வயசுலயே வந்துடுறாங்க.

வேப்பமரம்:
பாத்தீங்களா! எதிர்ப்பு சக்தி கொறைஞ்சாதான் வருதுன்னு உங்க ஆளே சொல்லிட்டாங்க. நான் சொன்னதும் இதேதான். 90 சதவீதம்.

ராத்திரிடூட்டி:
நான் யாரோட ஆளும் இல்ல. கொறைஞ்சா அதிகமா வரும்னேன், நல்லா இருந்தா வராதுன்னு எங்க சொன்னேன்?

கொங்குக்காளை:
இதெல்லாம் இருக்கட்டும், 2009ல ஆந்திராவுலயும் குஜராத்துலயும் பழங்குடிப் பொண்ணுங்களுக்கு இதே ஊசியைப் போட்டு ஏழு பேரு செத்தாங்களே, அதைப் பத்தி ஏன் வாயே தொறக்கல?

நுண்ணோக்கி:
தொறக்குறேன். விசாரணையில வந்த காரணம் பாம்புக்கடி, தண்ணியில மூழ்கினது, பூச்சிமருந்து குடிச்சது இந்த மாதிரி. ஊசியால செத்ததுன்னு ஒண்ணு கூட இல்ல.

கொங்குக்காளை:
பெத்தவங்களைக் கேக்காம ஹாஸ்டல் வார்டன் கையெழுத்துல போட்டாங்களே, அது சரியா?

நுண்ணோக்கி:
அது அயோக்கியத்தனம், நாடாளுமன்றக் குழுவே 2013ல கிழிச்சுத் தொங்கவிட்டுச்சு. ஆனா அது போட்டவன் பண்ணின தப்பு, மருந்து என்ன பண்ணும்? தைவான்ல 1984லேர்ந்து பச்சப்புள்ளைங்களுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாங்க, புள்ளைங்களுக்கு வர்ற ஈரல் கேன்சரே சரசரன்னு கொறைஞ்சுது. அதுவும் வைரஸ்தான், அதுவும் கேன்சர்தான்.

வேப்பமரம்:
ஈரலுக்கு ஏன் தாவுறீங்க? கொரோனா சமயத்துலயும் இப்படித்தான், கபசுரக் குடிநீர் குடிச்சவங்களை எல்லாம் முட்டாள்னு திட்டினீங்க. மறக்கல நான்.

நுண்ணோக்கி:
குடிச்சவங்களைத் திட்டல, அதைக் குடிச்சுட்டு மாஸ்க் வேணாம்னு பரப்பினவங்களைத் திட்டினேன். அதுல நீங்களும் உண்டு. சரி, எச்பிவி ஊசிக்கே வர்றேன். ஸ்காட்லாந்துல 2008ல அதைப் போட ஆரம்பிச்சாங்க, 12, 13 வயசுல முழுசா ஊசி போட்டுக்கிட்ட பொண்ணுங்கள்ல பரவுற நிலைக்குப் போன கர்ப்பப்பை வாய் கேன்சர் ஒருத்தருக்குக் கூட இல்லைன்னு 2024ல ஆய்வு வந்துச்சு. ஒருத்தருக்குக் கூட இல்ல. இதுக்குப் பதில் சொல்லுங்க.

வேப்பமரம்:
அவங்க சாப்பாடு வேற, பழக்கவழக்கம் வேற. 90 சதவீதத்துக்கு இயற்கையே பாத்துக்குதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டாச்சு, அப்புறம் என்ன?

நுண்ணோக்கி:
மீதி 10க்கு யாரு பாத்துக்குவா? நாலாவது வாட்டி கேக்குறேன்.

ராத்திரிடூட்டி:
நாலாவது இல்ல, ரெண்டாவது. ஊசி போட்டாலும் 30 வயசுக்கு மேல ஸ்க்ரீனிங், அதாவது முன்கூட்டியே கண்டுபிடிக்கிற பரிசோதனை, பண்ணிக்கணும்னு யாராவது எழுதுங்கப்பா, அதை விட்டுட்டு சண்டை போடுறீங்க.

நுண்ணோக்கி:
நீங்க எண்ணிக்கை பாக்க வந்தீங்களா?

கொங்குக்காளை:
அந்த வார்டன்கள்ல எத்தனை பேரு ஜெயிலுக்குப் போனாங்க? அதை யாரும் சொல்ல மாட்டேங்கறீங்களே.