எங்கள் தெரு குழு: ஆற்றோரக் குவாரி நிலம்

திவ்யா: நோட்டீஸ் பார்த்தீர்களா? ஆற்றோரத்துப் பழைய ஜல்லிக் குவாரியை, 'சீராக்கிய நிலம்' என்று சொல்லி, வீடு கட்ட நகர வளர்ச்சி எல்லைக்குள் (ஊர் விரியலாம் என்று வரைந்த கோட்டுக்குள்) சேர்க்கப் போகிறார்களாம்.

அருண்: நல்ல விஷயம்தானே? வீடு கிடைக்காமல் எத்தனை பேர் திண்டாடுகிறார்கள். சும்மா கிடக்கிற நிலம்.

ராகவன் மாமா: நம் வீட்டு வரி ஏறுமா? அதை முதலில் சொல்லுங்கள்.

மீனா அக்கா: ஏறாது மாமா. எல்லைக்குள் கொண்டுவருவது வேறு, நகரத்தோடு இணைப்பது வேறு. இணைத்தாலும் அது அந்த நிலத்துக்குத்தான், நம் வீட்டுக்கு இல்லை.

திவ்யா: நான் டெக்சஸிலிருந்து வந்தவள். அங்கே ஊர் தன் பாட்டுக்கு விரிந்துகொண்டே போகும். இங்கே ஆரிகன் மாநிலத்தில் எதற்கு இந்தக் கோடு?

மீனா அக்கா: 1973இல் ஆரிகன் போட்ட சட்டம், செனட் மசோதா 100. டாம் மெக்கால் கவர்னராக இருந்தபோது. கோட்டுக்கு உள்ளே 20 வருடத் தேவைக்கு நிலம் இருக்க வேண்டும். வெளியே வயலும் காடும்.

அருண்: அதைத்தான் சொல்கிறேன். ஹேசல்நட் தோப்பையோ புல் விதை வயலையோ எடுப்பதைவிடக் குவாரி மேல் இல்லையா? நல்ல விளைநிலத்தைக் கடைசியில்தான் தொடச் சொல்கிறது சட்டமே.

மீனா அக்கா: அதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் 'சீராக்கிய நிலம்' என்றால் எதற்காகச் சீராக்கியது என்று பார். டொகாமி, அதுதான் மாநில நிலவியல் துறை, ஒப்புக்கொள்ளும் திட்டத்தில் தோண்டி முடித்த பிறகு நிலம் எதற்குப் பயன்படும் என்று எழுதியிருக்கும். குளம், பறவை வாழிடம் என்று இருந்தால், அதற்கு ஏற்றபடி மண்ணைத் தள்ளியிருப்பார்கள். வீட்டைத் தாங்கும்படி அடுக்கடுக்காக இறுக்கியிருக்க மாட்டார்கள். 1972க்கு முன் தோண்டியது என்றால் அந்தக் கடமைகூடக் கிடையாது. பொலபொல மண், அடியில் தண்ணீர். பெரிய பூகம்பத்தில் கூழாகிவிடும்.

ராகவன் மாமா: இங்கே பெரிய பூகம்பம் 1700இல் வந்ததாமே. 300 வருடம் ஆகிவிட்டது, இனி என்ன?

மீனா அக்கா: அதனால்தான் மாமா பயமே 😄

அருண்: மண் பரிசோதனை செய்யாமலா கட்டுவார்கள்? மண் கொட்டி உயர்த்தினால் ஃபீமாவின், அதாவது மத்திய பேரிடர் துறையின், வெள்ள வரைபடத்திலிருந்தே விலக்கு வாங்கலாமே அக்கா.

மீனா அக்கா: முன்பு வாங்க முடிந்தது. 2024இல் ஆரிகனின் பெரும்பகுதியில் ஃபீமா அந்த விண்ணப்பங்களை நிறுத்திவைத்தது. அது கிடைத்தாலும், மண் கொட்டி உயர்த்தினால் அங்கே பரவ வேண்டிய தண்ணீர் பக்கத்தில் ஏறும். பக்கம் என்றால் நம் தெரு. '100 வருட வெள்ளம்' என்றால் 100 வருடத்துக்கு ஒருமுறை என்று நினைக்காதே. எந்த வருடமும் 1 சதவீத வாய்ப்பு. 30 வருட வீட்டுக் கடனை அடைப்பதற்குள் கிட்டத்தட்ட 26 சதவீதம். 1996இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஈஸ்ட் ஃபோர்க் லூயிஸ் ஆறு பழைய குவாரிக் குழிகளுக்குள் புகுந்து தடத்தையே மாற்றிக்கொண்டது.

திவ்யா: அப்போது எதிர்க்கிறோமா?

மீனா அக்கா: பூங்காவுக்கு என்றால் முதலில் கை தூக்குவேன். யூஜீனில் டெல்டா பாண்ட்ஸ் பழைய ஜல்லிக் குழிகள்தான், இப்போது ஆமைகள் வெயில் காய்கின்றன. என் சண்டை கணக்கோடுதான். 100 வருட வெள்ளம் ஏறும் நிலத்தைப் பொதுவாக வீட்டு நிலமாக எண்ணுவதில்லை, மாநில விதி அப்படி. நோட்டீஸில் மொத்த ஏக்கர் மட்டும் போட்டிருக்கிறார்கள். கழித்தால் எவ்வளவு மிஞ்சும்? மொத்தத்தையும் 20 வருடக் கணக்கில் ஏற்றிவிட்டால் ஏட்டில் நிலம் போதும் என்று இருக்கும், வீடு மட்டும் வராது.

அருண்: ம்... அது நியாயம். ஆனாலும் சாலைப் பக்கத்து மேட்டை விடக் கூடாது. அங்கே தோண்டவே இல்லை.

மீனா அக்கா: அதையே எழுது.

ராகவன் மாமா: இதற்கான ஹியரிங், கருத்துக் கேட்கும் கூட்டம், ராத்திரி 7 மணிக்கு. நான் எட்டுக்குப் படுத்துவிடுவேன்.

மீனா அக்கா: கடிதம் போதும் மாமா. ஆனால் இப்போது பேசியோ எழுதியோ பதிவு செய்யாதவர்கள் பின்னால் மாநிலத்திடம் ஆட்சேபிக்க முடியாது. அதனால் எல்லோரும் அனுப்புங்கள்.

திவ்யா: வரைவு நான் போடுகிறேன். டொகாமி திட்டத்தின் நகல், எந்த மண்ணை எப்படி நிரப்பினார்கள் என்ற பதிவு, வெள்ள நிலம் போக மிஞ்சும் ஏக்கர். சரியா அக்கா?

மீனா அக்கா: சரி. உயர்த்தினால் நம் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதையும் சேர்.

அருண்: நான் மேட்டைப் பற்றித் தனியாக அனுப்புகிறேன். வீடு வர வேண்டும் என்றுதான் எழுதுவேன், கோபிக்காதீர்கள்.

ராகவன் மாமா: வரி ஏறாது என்பதை எழுத்தில் தரச் சொல்லி என் பெயரில் ஒரு வரி போடு திவ்யா.