இடைக்கால எண்ணா, காத்திருப்பு எண்ணா? ரீயூனியன் கையேட்டுக்கான சொற்கள்

நண்பர்களே,

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குப் புதிதாக வரும் தமிழர்களுக்கான கையேட்டில் வரித்துறை தரும் எண்ணுக்கும் செக்யூரித்தே சோசியால் என்ற அரசுக் காப்பீட்டின் எண்ணுக்கும் என்ன சொல் வைப்பது என்றுதான் இதுவரை எல்லாரும் எழுதியிருக்கிறோம். ஆனால் வந்தவர் கையில் பெரும்பாலும் முதலில் கிடைப்பது மூன்றாவது ஒன்று, அந்தக் காப்பீட்டை இங்கே நடத்தும் சே.ஜே.எஸ்.எஸ். அலுவலகம் கொடுத்து வைக்கும் தற்காலிக எண். அதற்கு ஒரு நல்ல பெயர் வேண்டும் என்பதுதான் என் கவலை.

பெரிய இரண்டைப் பற்றி என் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செக்யூரித்தே சோசியாலுக்கு "சமூகப் பாதுகாப்பு எண்" அகராதிப்படி சரிதான். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டம் என்றால் தாலுகா அலுவலகம், தனி வட்டாட்சியர், முதியோர் உதவித்தொகை. இல்லாதவர்களுக்கு அரசு கொடுப்பது என்றுதான் மனதில் படும். இங்கே அது வேலை செய்பவர் சம்பளத்திலும் முதலாளி பங்கிலும் ஓடுகிற ஏற்பாடு; மருத்துவச் செலவு, மகப்பேறு, ஓய்வூதியம் எல்லாம் அதற்குள் வரும். "எனக்கு உதவித்தொகை வேண்டாம், அந்த எண் எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, சொல் அப்படி. கனடாவில் நம் ஆட்கள் "சமூகக் காப்புறுதி இலக்கம்" என்று பேசிப் பழகிவிட்டார்கள். அந்த வழியில் "சமூகக் காப்பீட்டு எண்" என்பதற்கே என் ஆதரவு.

வரித்துறை எண்ணுக்கு "வரி செலுத்துவோர் எண்" வேண்டாம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவரும் இங்கே ஆண்டுக்கொரு முறை வருமான அறிக்கை கொடுக்கிறார், அவருக்கும் எண் உண்டு. கணவன் மனைவி சேர்ந்து ஒரே அறிக்கை கொடுத்தாலும் ஆளுக்கொரு எண். "வரி எண்" போதும்.

இரண்டு சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒலிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வரி எண்ணுக்கும் 13 இலக்கம், காப்பீட்டு எண்ணுக்கும் 13 இலக்கம், பின்னதற்குக் கடைசியில் 2 இலக்கச் சரிபார்ப்பு எண் கூடுதலாக வரும். வரி எண் 0, 1, 2, 3 இவற்றில் ஒன்றில் தொடங்கும். காப்பீட்டு எண் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று தொடங்கி, பிறந்த ஆண்டு, மாதம், பிறந்த இடம் என்று போகும். இந்தத் தீவில் பிறந்தவருக்கு அந்த இடத்தில் 974 இருக்கும், வெளிநாட்டில் பிறந்தவருக்கு 99, அதன்பின் நாட்டுக் குறியீடு. ஆக, 1இல் தொடங்கும் ஒரு 13 இலக்க எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் எது எது என்று புதியவருக்குத் தெரியாது. வேலைக்குச் சேரும்போது முதலாளி கேட்பது காப்பீட்டு எண். அங்கே வரி எண்ணை எழுதிக் கொடுத்தால் பதிவில் சிக்கல் வரும்.

இனி அந்த மூன்றாவது எண். நிரந்தரக் காப்பீட்டு எண் வர, பெற்றோர் பெயருள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதை நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் பெயர்த்திருக்க வேண்டும். நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, சிலருக்குப் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே எழுதப்பட்டிருக்காது. சரிபார்த்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஆணுக்கு 7, பெண்ணுக்கு 8 என்று தொடங்கும் எண் ஒன்றைத் தருகிறார்கள்.

அதைக் "காத்திருப்பு எண்" என்று வைக்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பிரெஞ்சில் அதிகாரிகள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் தமிழில் படிப்பவர், வங்கி டோக்கன் போல, கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வார். காய்ச்சல் வந்தாலும் "நம்பர் வரட்டும்" என்று டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போடுவார். உரிமை அவருக்கு ஏற்கெனவே திறந்திருக்கிறது! டாக்டருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவர் தரும் தாள் படிவத்தில் அந்த எண்ணை எழுதி அனுப்பினால் காப்பீட்டின் பங்கு வங்கிக் கணக்குக்குத் திரும்ப வரும். கார்த் வித்தால் என்ற பச்சை நிற மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குத்தான் நிரந்தர எண் வேண்டும். "தற்காலிக எண்" குழப்பாது, ஆனாலும் தற்காலிகப் பணியாளர் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அதில் பாதி உரிமைதான் ஒலிக்கிறது.

அதனால் "இடைக்கால எண்". இடைக்காலத் தடை, இடைக்கால ஜாமீன், இடைக்கால நிவாரணம் எல்லாம் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரியும். வழக்கு முடியவில்லை, ஆனால் உத்தரவு இன்றைக்கே செல்லும். இந்த எண்ணின் நிலையும் அதுவேதான்.

இலங்கை நண்பர்கள் "எண்" என்பதற்குப் பதில் "இலக்கம்" கேட்டிருந்தார்கள். "13 இலக்க இலக்கம்" என்று எழுத வேண்டிவரும் என்பதால் கையேட்டில் எண் இருக்கட்டும், சொற்பட்டியலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடலாம்.

அப்புறம், வரி எண் வராதவரின் சம்பளத்தில் முதலாளி பொதுவான ஒரு விகிதத்தில் வரி பிடிப்பார், 2019 ஜனவரியிலிருந்து நடைமுறை அப்படி. அந்த விகிதத்துக்கும் ஒரு சொல் தேவை, அதைத் தனி இழையில் பேசுவோம். இடைக்கால எண்ணுக்கு மறுப்பு இருப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். முக்கியமாக, சமீபத்தில் வந்தவர்கள்.