கையால் கோட் எழுதுவதா, இழுத்துப் போட்டுக் கட்டுவதா?

வளவன்_க: ஒரு சின்ன சங்கத்துக்கு ஆப் வேண்டும். உறுப்பினர் பதிவு, சந்தா கணக்கு, மாதக் கடைசியில் ஓர் அறிக்கை, அவ்வளவுதான். அதிகம் கோட் எழுதாமல் ஆப் கட்ட உதவும் லோ-கோட் கருவியில் இழுத்துப் போட்டு முடிக்கலாமா, உட்கார்ந்து கோட் எழுதலாமா? பைத்தான் நிரல்மொழி ஓரளவு தெரியும்.

செமிகோலன்: எழுதுங்கள், யோசிக்கவே வேண்டாம். கூகுளின் லோ-கோட் கருவியான ஆப் மேக்கர் 2021 ஜனவரியில் மூடப்பட்டபோது அதில் கட்டிய ஆப்களை வேறு தளத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக வழியில்லை, தரவை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்றதை முதலிலிருந்து கட்டவேண்டியதுதான். கூகுள் கருவிக்கே இந்தக் கதி.

இழுத்துவிடு: இதையே எத்தனை நாள் சொல்வீர்கள்? பைத்தான் 2-க்கும் 2020-இல் ஆதரவு நின்றது, அப்போது கோட் எழுதியவர்கள் நிம்மதியாகவா தூங்கினார்கள்? இந்தப் பக்கம், படிவங்களை இழுத்துப் போட்டு நிரல் செய்யும் விசுவல் பேசிக் 6 (விபி 6) எடிட்டருக்கு 2008-இலேயே ஆதரவு போய்விட்டது, அதில் செய்த நிரல்கள் இன்றைய விண்டோஸிலும் ஓடுகின்றன.

செமிகோலன்: விபி 6-ஐ உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள் சார். படிவத்தைத்தான் இழுத்துப் போட்டோம், பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைக் கையால்தான் எழுதினோம். அந்தப் படிவக் கோப்பையும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். கேம் செய்யும் மென்பொருளான அன்ரியலில், கட்டங்களைக் கோடுகளால் இணைத்து நிரல் செய்யும் ப்ளூப்ரிண்ட் அப்படியா? அது பைனரி, திறந்தால் படிக்கும்படியான எழுத்தாக இருக்காது. இரண்டு பேர் ஒரே கோப்பைத் திருத்திவிட்டால் கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் வழக்கம்போல இரண்டையும் மெர்ஜ் செய்து ஒன்றாக்க முடியாது, ஒருவர் பூட்டி வைத்துக்கொள்ள மற்றவர் காத்திருக்கவேண்டும்.

இழுத்துவிடு: காத்திருக்கட்டும். அதே ப்ளூப்ரிண்ட் இருப்பதால்தான் கோட் தெரியாத கேம் டிசைனர், கதவு எப்போது திறக்கவேண்டும் என்பதை நிரலரிடம் கெஞ்சாமல் தானே மாற்றிப் பார்க்கிறார், அது கணக்கில் வராதா? வரைபடமாகவே நிரல் செய்யும் லேப்வியூ 1986-இலிருந்து இருக்கிறது. அளவீட்டுக் கருவிகளோடு வேலை செய்கிறவர்கள் கம்பி இழுப்பதுபோலத் தரவின் பாதையை வரைகிறார்கள், ஒன்றையொன்று சாராத இரண்டு பாதைகள் தாமாகவே இணையாக ஓடும். அதைக் கையால் திரெட் போட்டு, அதாவது ஒரே நேரத்தில் ஓடவேண்டிய வேலைகளை நீங்களே பிரித்து, எழுதிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

கொக்கி: இரண்டு பேரும் வளவனை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டீர்கள். சிக்கல் சந்தாவில்தான் இருக்கிறது. பாதி வருடத்தில் சேர்ந்தவருக்கு எவ்வளவு, குடும்பச் சந்தாவில் ஒருவர் விலகினால் என்ன, பாக்கி வைத்தவர் திரும்பி வந்தால் பழையதும் சேருமா? இந்த மாதிரி விதிகள் கூடக்கூட வரைபடத்தில் அம்புக்குறிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எது எங்கே போகிறது என்றே தெரியாமல் போகும். பைத்தானில் அது ஒரே ஃபங்ஷன், கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்க டெஸ்டும் எழுதி வைக்கலாம். பதிவுப் படிவம் மட்டும் போதுமென்றால் எந்தக் கருவியும் சரி, தரவை எக்செலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்ய வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

வளவன்_க: குடும்பச் சந்தா இருக்கிறது. அப்படியானால் பைத்தானில் வலை ஆப் கட்ட உதவும் ஜாங்கோ போதுமா? தரவின் அமைப்பைச் சொல்லும் மாடலை எழுதிப் பதிவு செய்தால், தரவைச் சேர்க்கவும் திருத்தவும் அட்மின் திரை தானாக வந்துவிடுமே.

செமிகோலன்: அதேதான்!

இழுத்துவிடு: நீங்கள் எழுதாத திரையை வேறு யாரோ எழுதிக் கொடுத்தால் அது கையால் எழுதிய கோட், நான் இழுத்துப் போட்டால் மட்டும் குற்றமா? சரி, எடுத்துக்கொள்ளுங்கள் ஜாங்கோவை. வளவன் ஊரில் இல்லாதபோது புதிதாக ஒரு புலம் சேர்க்கவேண்டும் என்றால் தரவுத்தளத்தை அதற்கேற்ப மாற்றும் மைக்ரேஷனைச் சங்கத்தில் யார் ஓட்டுவார்?

வளவன்_க: செயலாளருக்கு எக்செல்தான் தெரியும். கேட்டுவிட்டு வருகிறேன்.