ரோல் பேக்: முன்னா, பின்னா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

தரவுத்தள மென்பொருள் ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமையோடு சரங்களை, அதாவது திரையில் வரும் சொற்களை, பூட்டிவிடுவார்கள். எல்லாம் முடிந்து ஒரே ஒரு பொத்தானில் நிற்கிறேன்: ‘ரோல் பேக்’.

பக்கத்துப் பொத்தான்கள் நல்ல சொற்களையெல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டன. அன்டூ ‘செயல்தவிர்’, ரிஸ்டோர் ‘மீட்டெடு’, ரீசெட் ‘மீட்டமை’, கேன்சல் ‘ரத்துசெய்’. நாலும் ஒரே திரையில். இவற்றோடு குழம்பாத ஐந்தாவது சொல் வேண்டும். பொத்தானில் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் இடமில்லை.

பயன்படும் இடம் இது: ஒரு கணக்கில் பணத்தைக் கழித்து இன்னொன்றில் சேர்க்க வேண்டும். கழித்தாயிற்று, சேர்ப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அப்போது கழித்ததையும் இல்லையென்றாக்கி, தொடங்கியபோது இருந்த நிலைக்கே கொண்டுபோவது. ‘கமிட்’ ஆகிவிட்டால் இது செல்லாது. கமிட்டுக்கு ‘உறுதிசெய்’ என்று போட்டாயிற்று, தயவுசெய்து அதைக் கிளற வேண்டாம்.

வே.

*

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ரோல் உருட்டு, பேக் பின். ‘பின்னுருட்டு’. ஆறே எழுத்து.

கு.

*

> ‘பின்னுருட்டு’. ஆறே எழுத்து.

நண்பரே, இன்றைய பிள்ளைகளிடம் ‘உருட்டு’ என்றால் என்னவென்று ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள். கணக்கு வழக்கு மென்பொருளில் அப்படி ஒரு பொத்தான் இருந்தால் முதலாளிக்கே தூக்கம் வராது.

அது போக, ஆங்கிலக்காரர்களே அந்தச் சொல்லை உருள்வதற்காக மட்டும் பயன்படுத்துவதில்லை. மேட்டில் நிறுத்திய வண்டி ரோல் பேக் ஆனால் நாம் ‘பின்னால் உருளுது’ என்போம், அது சரி. விரிப்பை ரோல் பேக் செய்தால் சுருட்டுகிறோம். வரி உயர்வை ரோல் பேக் செய்தால் வாபஸ். பழைய காரின் ஓடோமீட்டரை ரோல் பேக் செய்தால் ‘கிலோமீட்டரைக் குறைச்சு வெச்சிருக்கான்’. அவர்களுக்கு ஒரு வினை, நமக்கு நாலு. எந்த ரோல் பேக் என்று பார்க்காமல் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் உருட்டில்தான் போய் முடியும்.

ச.

*

வணக்கம்.

கோளாறு ‘உருட்டு’வில் மட்டும் இல்லை, ‘பின்’னிலும் இருக்கிறது. தமிழில் காலத்தைச் சொல்லும்போது போனது முன், வருவது பின். முன்னோர் நமக்கு முன் வாழ்ந்தவர், பின்னோர் இனி வருபவர். ‘முன்னுறக் காவாது இழுக்கியான் தன்பிழை பின்னூறு இரங்கி விடும்’ என்ற குறளில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. குறள் வேண்டாம் என்றால் நாளிதழைப் பாருங்கள். ஊதிய உயர்வை ‘முன்தேதியிட்டு’ வழங்கினார்கள் என்று வரும். ஆங்கிலத்தில் அது பேக்டேட். அவர்களுடைய பேக் நமக்கு முன். ஆகவே ‘பின்னுருட்டு’ என்றால் தரவை எதிர்காலத்துக்குள் தள்ளுவது என்றாகும்.

பிடிவாதமாகப் ‘பின்’தான் வேண்டும் என்றால், ‘பின்’னோடு ‘திருப்பு’ சேர்ந்தால் ‘பின்றிருப்பு’ என்று எழுத வேண்டும். ‘ன்’னுக்குப் பின் வரும் ‘த’ ‘ற’வாகும் என்று சொல்லும் ‘னலமுன் றனவும்’ என்ற நன்னூல் நூற்பாவை மறந்துவிட வேண்டாம். ‘பிறகு’ என்று பொருள்படும் ‘பின்றை’ என்ற அழகான பழஞ்சொல்லும் நம்மிடம் உண்டு. அதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

அர.

*

ஐயா, ‘பின்தொடர்’ என்று உலகமே எழுதுகிறது. ‘பின்றொடர்’ என்று பொத்தானில் போட்டால் ஒருவரும் தொடர மாட்டார்கள்.

முன், பின் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. ‘பின்னோக்கிப் பார்த்தால்’ என்று எழுதும்போது போன காலத்தைத்தானே பார்க்கிறோம்? முன்னேற்றம் எந்தப் பக்கம், பின்னடைவு எந்தப் பக்கம்? முகம் இருக்கும் திசை முன், முதுகுப் பக்கம் பின் என்ற இட வழக்கும் காலத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இரண்டும் தமிழே. இப்படி இரண்டு பக்கமும் இழுக்கிற சொல்லைப் பொத்தானில் வைக்கவே கூடாது என்பதுதான் என் கட்சி.

ச.

*

எல்லாருக்கும் தெரிந்த சொல் ‘வாபஸ்’. ஏன் யாருமே அதை எடுக்கவில்லை?

நா.

*

அது பாரசீகச் சொல். தனித்தமிழில் தந்த இடைமுகத்தில் அது ஒன்று மட்டும் துருத்திக்கொண்டிருக்கும்.

கு.

*

‘ரத்து’ அரபியிலிருந்து வந்தது. அது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, யார் கண்ணுக்கும் துருத்தவில்லை!

ஆனாலும் எனக்கு வாபஸ் வேண்டாம், காரணம் வேறு. மனு கொடுத்தவர் வாபஸ் வாங்குவார், சட்டம் போட்டவர் வாபஸ் வாங்குவார். இங்கே கொடுத்தவர் யாரும் இல்லை, பாதியில் அறுந்த வேலைதான் இருக்கிறது. பணம் சம்பந்தப்பட்ட திரையில் ‘வாபஸ்’ என்று இருந்தால் கட்டிய காசு திரும்ப வரும் என்று அழுத்திவிடுவார்கள்.

விக்கிப்பீடியாவில் இதற்கு ‘முன்னிலையாக்கம்’ என்று ஒரு சொல் உண்டு. அதைப் பரிசீலிக்கலாமா?

ச.

*

முன்னிலை என்றால் எனக்கு ‘நீ, நீர், நீங்கள்’தான் நினைவுக்கு வருகிறது. வாக்கு எண்ணும் நாளில் அதற்கு வேறு பொருள், அழைப்பிதழில் இன்னொரு பொருள். நாலாவதாக ஒன்றை அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

நான் இதைத் தமிழில் பாடமாக நடத்துகிறேன். கலைச்சொல் எதுவும் சொல்லாமல் ‘இப்போ கணக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்டால் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்: ‘பழையபடி ஆயிடுச்சு’. அதையே ‘பழையபடி ஆக்கு’ என்று வைத்தால் என்ன? இடைவெளியோடு சேர்த்து ஒன்பது எழுத்துதான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை, போய்ச் சேரும் நிலையை மட்டும் சொல்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் இணைப்பு அறுந்து தரவுத்தளம் தானே செய்தாலும் ரோல் பேக், நாம் கட்டளை கொடுத்துச் செய்தாலும் ரோல் பேக். நமக்குத் தன்வினையும் பிறவினையும் தனித்தனியாக இருக்கின்றன. தானே நடந்தால் ‘பழையபடி ஆனது’, நாம் செய்தால் ‘பழையபடி ஆக்கினோம்’. பிழைப் பதிவேட்டைப் படிப்பவருக்கு இந்த வேறுபாடு மிகவும் உதவும்.

தி.

*

> பழையபடி ஆக்கு

பழைய குருடி கதவைத் திறடி!

கேலி இருக்கட்டும். மீட்டமை, அதாவது ரீசெட், அதுவும் பழையபடி ஆக்குவதுதானே?

நா.

*

இல்லை. ரீசெட் தொடக்கத்தில் இருந்த இயல்பமைப்புக்குப் போகும். ரிஸ்டோருக்குக் காப்புநகல் வேண்டும். அன்டூ கடைசியாகச் செய்த ஒன்றை மட்டும் தவிர்க்கும். இது, கடைசியாக உறுதிசெய்த இடம்வரை உள்ள எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கழற்றும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ (Git) மென்பொருளில் இருக்கிற ரிவெர்ட் இன்னும் வேறு. பழைய மாற்றத்தை அழிக்காமல், அதற்கு எதிரான புதிய மாற்றம் ஒன்றை வரலாற்றில் சேர்க்கும். அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

வள்ளுவரைக் கேட்டால், ‘துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு’. கமிட்டுக்குப் பின் ரோல் பேக் கிடையாது என்று அப்போதே சொல்லிவிட்டார்.

தி.

*

எல்லாருக்கும் நன்றி. ‘முந்தைய நிலைக்குத் திருப்பு’ என்றுதான் எனக்கு ஆசை. பொத்தான் தாங்கவில்லை. ‘பழையபடி ஆக்கு’வுக்கு மூன்று பேர் சரி என்கிறீர்கள், கு. இன்னும் உருட்டிலேயே நிற்கிறார். இன்றிரவு பழையபடியை ஏற்றிவிடுகிறேன்.

வே.

*

வினை கிடைத்தது, பெயர் எங்கே? உதவிக் கோப்பில் ‘ரோல் பேக் நடந்த நேரம்’ என்று வருமே, அங்கே என்ன எழுதுவீர்கள்? ‘பழையபடியாக்கம்’ என்றா? வாயில் நுழைகிறதா பாருங்கள். பெயராகவும் வினையாகவும் நிற்காததைக் கலைச்சொல் என்று நான் ஏற்கவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அர.

*

பதிந்தாயிற்று ஐயா. உதவிக் கோப்புக்கு அடுத்த மாதம்வரை நேரம் இருக்கிறது.

வே.

*

நல்லது. அப்படியானால் ‘பின்றை’ பற்றிய மடலை நாளை அனுப்புகிறேன். கொஞ்சம் நீளம்.

அர.