கிராக்சைட் மாளிகை: பார்க்கவேண்டியது நீர்மின் வீட்டையா, பீரங்கிப் பணத்தையா?

நிலாவெளி வாசகன்:
அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் நியூகாசிலில் வசிக்கும் அக்காவிடம் ஆடி மாதம் செல்லவிருக்கிறேன். நோர்தம்பர்லாந்தில் ரொத்பரி என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள கிராக்சைட் மாளிகைக்கு என்னை அழைத்துச் செல்ல அவர் விரும்புகிறார். நீர்மின்சாரத்தால் ஒளியேற்றப்பட்ட உலகின் முதல் வீடு அது என்கிறார்கள். ஆனால் அதைக் கட்டிய கைத்தொழிலதிபர் வில்லியம் ஆம்ஸ்ட்ரோங் பீரங்கி செய்தும் பொருளீட்டியவர் என்று அறிந்தபோது, திருகோணமலையில் கோட்டைக்கும் கடற்படைத் தளத்துக்கும் நடுவில் வளர்ந்த எனக்கு மனம் சற்று உறுத்துகிறது. நூதனசாலையாகப் பேணப்படும் அவ்வீட்டில், செல்வந்தரின் தளபாடங்களைத் தவிரப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஓய்வுபெற்ற மின்பொறியியலாளர், உப்புவெளி:
தம்பி, கட்டாயம் போய்ப் பாருங்கள். தளபாடம் எந்த மாளிகையிலும் இருக்கும். இங்கே கவனிக்கவேண்டியது வீட்டை இயக்கிய தண்ணீர். ஓடைகளை மறித்து ஏரிகள் அமைத்து, அங்கிருந்து இறக்கிய நீரின் விசையைக் கொண்டே லிஃப்டை ஏற்றி இறக்கினார்கள். சமையலறையில் இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றியதும் தண்ணீர்தான். 1878 இல் ஓவியக்கூடத்தில் மின்வில் விளக்கு (இரு கரிக்கோல்களின் இடைவெளியில் மின்சாரம் பாய்ந்து ஒளிரும் விளக்கு) எரிந்தது. 1880 இல் கண்டுபிடிப்பாளர் ஜோசப் சுவானின் மின்குமிழ்கள் வந்து சேர்ந்தன. நமது லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல்தான்.

நூலக அறையைத் தவறவிடாதீர்கள். செம்பின்மேல் எனாமல் பூசிய சாடிகளையே அங்கு விளக்குத் தண்டுகளாக்கியிருந்தார்கள். சாடியின் உள்ளே இறங்கும் கம்பியின் நுனி அடியிலுள்ள சிறு பாதரசக் கிண்ணத்தில் தோய்ந்தால் மின்குமிழ் எரியும். சாடியைத் தூக்கினால் தொடர்பு அறுந்து அணைந்துவிடும். திரும்பி வரும் மின்னோட்டம் சாடியின் செம்பு உடல் வழியாகவே செல்லும். ஆளி இல்லாமலே விளக்கை ஏற்றி அணைக்கும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் இரசிக்கிறேன். ஆனால் இன்று எவராவது இதற்கு அனுமதி கேட்டிருந்தால், விண்ணப்பத்தைக் கிழித்துத்தான் போட்டிருப்பேன். 2014 இல் அங்குள்ள ஏரியொன்றின் அருகே 17 மீற்றர் நீளமான ஆர்க்கிமிடீசுத் திருகை (கீழிறங்கும் நீரால் சுழலும் பெரிய திருகாணி) பொருத்தி, அவ்வீட்டுக்கு மீண்டும் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள்.

வரலாற்று ஆசிரியை, மூதூர்:
ஐயா சொன்ன தண்ணீரையும் தம்பியை உறுத்தும் பீரங்கியையும் இரண்டு கதைகளாகப் பிரிக்க முடியாது என்பது என் கருத்து. சட்டத்தரணியாக இருந்த ஆம்ஸ்ட்ரோங், நீரழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கிகளைச் செய்வதற்காகவே 1847 இல் நியூகாசிலில் எல்சிக் தொழிற்சாலையைத் தொடங்கினார். கிரிமியப் போரின்போது பீரங்கி வடிவமைப்பில் இறங்கி, அதன் காப்புரிமைகளை அரசாங்கத்துக்கு அளித்து, 1859 இல் சேர் பட்டம் பெற்றார். பின்னர் பல நாடுகளுக்கும் ஆயுதம் விற்றார். கிராக்சைட்டில் லிஃப்டை உயர்த்திய அதே நுட்பம், அவருடைய நிறுவனம் செய்த போர்க்கப்பல் பீரங்கிகளையும் திருப்பியது.

1863 இல் ஓய்வில்லமாகத் தொடங்கிய வீட்டை, கட்டடக் கலைஞர் நோர்மன் ஷோ பல ஆண்டுகளாக விரித்துக் கட்டினார். வரவேற்புக் கூடத்தில் 10 தொன் எடையுள்ள பளிங்குக் கணப்படுப்பு ஒன்று இருக்கிறது. 1884 இல் வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் அங்கே தங்கினார்கள். யப்பான், சீயம் (இன்றைய தாய்லாந்து) போன்ற தூர நாட்டவர்களும் விருந்தினராக வந்தனர். எனக்கு அது வாடிக்கையாளரை மயக்குவதற்கான காட்சியறையாகவே தோன்றுகிறது. 1977 இல் மரபுச் சின்னங்களைப் பேணும் நாஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்புக்கு வந்த அவ்வீட்டின் ஒவ்வோர் அறையிலும், இது எவருடைய கண்ணில் படுவதற்காக வைக்கப்பட்டது என்று கேட்டுக்கொண்டே நடந்து பாருங்கள்.

திருமலைக் கடற்கரையான்:
விவாதம் எப்படிப் போனாலும், அவ்வளவு தூரம் போகும் நமது ஊரவர் ஹார்ட்டில்பூலைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. நியூகாசிலுக்குத் தெற்கே, அதிகத் தொலைவில்லாத துறைமுகம் அது. 1817 இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட போர்க்கப்பலொன்று நமது ஊரின் பெயரோடு, 'டிரிங்கோமலி' என்று, இன்றும் அங்கே மிதக்கிறது. ஆம்ஸ்ட்ரோங்கின் தொழிற்சாலைக்கு முந்திய கப்பல் என்பதால் அதன் பீரங்கிகளைக் கையால் இழுத்துத்தான் திருப்ப வேண்டும். முதலில் கப்பலையும் அடுத்த நாள் மாளிகையையும் பார்த்தால், ஆசிரியை சொன்ன நீரழுத்த நுட்பம் கடற்போரில் எதை மாற்றியது என்பது நேரிலேயே விளங்கும்.