பந்தலூர்ப் பக்கம் வேலை தேடும் பிள்ளைகளுக்காக: நிதி வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நீலகிரியில் பந்தலூர், சேரம்பாடி பக்கம் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளில் பிளஸ் டூ முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தனியார் வேலைக்கு அரசு இணையதளம் உண்டு. ஆனால் வீட்டில் இருப்பது அப்பாவின் பட்டன் போன். அதற்கும் மேட்டில் ஏறினால்தான் டவர். சமீபத்தில் ஒரு பெண் இன்டர்வியூ மெசேஜைப் பார்க்கும்போது தேதியே முடிந்திருந்தது. மனசு ஆறவில்லை.

மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்து வேலை, சம்பளம், தங்குமிடம் எல்லாம் குரலிலேயே சொல்லும் வசதியைத் தமிழில் செய்திருக்கிறோம். பணியர் பேச்சிலும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கே கூலி கொடுத்துச் செய்ய ஆசை. இப்போது எல்லாம் கைக்காசு.

2013 நிறுவனச் சட்டத்தின் சிஎஸ்ஆர் (நிறுவனங்கள் சமூகப் பணிக்குச் செலவிடும் நிதி) பட்டியலில் வேலைத்திறன் பயிற்சி இருக்கிறது. ஆனால் அந்த நிதியில் பணி செய்யும் அமைப்புகளுக்கு 2021 முதல் சிஎஸ்ஆர்-1 என்ற பதிவு கட்டாயம். வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளையும் கேட்கிறார்கள். எங்களுடையது பதிவாகாத இளைஞர் குழு. பதிவு பெற்ற அறக்கட்டளை எதனுடனாவது சேர்ந்து விண்ணப்பிக்கலாமா? முன்மாதிரி நிலையிலேயே பணம் தருபவர்கள் யாராவது உண்டா? ஒப்புதல் கிடைத்த விண்ணப்ப மாதிரி இருந்தால் பகிருங்கள். அப்புறம், கூடலூர், ஊட்டியில் இருப்பவர்கள் என்றால் நேரிலேயே வந்து காட்டுகிறோம்.